வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடும் படங்கள்

ஈஸ்டரை ஒட்டிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து என்ன படம் பார்க்கலாம் என்று தேடும் பெற்றோருக்கு இரண்டு வகைப் பட்டியல்கள் கிடைக்கின்றன. முதல் வகையில் முயலும் முட்டையும்: 1974இன் சார்லி பிரவுன் குறும்படம், 2011இல் வந்த ‘ஹாப்’, 2012இல் வந்த ‘ரைஸ் ஆஃப் த கார்டியன்ஸ்’ ஆகியவை இதில் வரும். இரண்டாம் வகையில் சவுக்கும் ரத்தமும். அதன் உச்சம் மெல் கிப்சன் 2004இல் எடுத்த ‘த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்’. உத்தமபாளையம், இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, கம்பம் என்று முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தை ஒட்டி நீளும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களின் பிள்ளைகளுக்கு முதல் வகை முழுக்க அந்நியம். அவர்கள் அறிந்த ஈஸ்டரில் முயலுக்கு இடமில்லை. தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, குருத்தோலைப் பவனி, பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கு, மறுநாள் சிலுவையை முத்தி செய்தல், சனி நள்ளிரவில் புதுத் தீயும் மெழுகுவத்தியும் என்று அது போகும். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் என்றால் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை. முதல் வகை பொருந்தாது என்று தெரிந்ததும் பெரியவர்கள் யோசிக்காமல் இரண்டாம் வகைக்குத் தாவுகிறார்கள். அங்கேதான் சிக்கல். அந்தப் படங்களில் பலவும் வெள்ளிக்கிழமையைக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்குத் தருவதில்லை.

எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் படம் என்று தீர்மானிக்க நாம் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் ரத்தத்தின் அளவு. அரசுச் சான்றிதழும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் முதலில் யு, ஏ என்ற இரண்டு பிரிவுகளே இருந்தன. 1983இல் யுஏ பிரிவு சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். நான்கு வயதும் பதினொன்றும் ஒரே கூடைக்குள் கிடந்த நிலை நாற்பது ஆண்டுகள் நீடித்து, 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்தது. இந்தப் பிரிவைச் செயல்படுத்தும் பொறுப்பு பெற்றோரையே சேரும், வேறு யாரும் அதை வைத்துத் தடுக்க முடியாது என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் சான்றிதழ் ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அதைப் பார்க்கும் பிள்ளைக்கு எது புரியும் என்று சொல்லாது. ஈஸ்டர் படத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஏனென்றால் இது ஒருவர் இறந்து, திரும்பி வரும் கதை. இறப்பு என்றால் என்ன என்று அறியாத பிள்ளைக்கு இந்தக் கதையின் பாதி காதில் விழாது. ஆகவே ஈஸ்டர் படத்துக்கு வயது பார்க்கும்போது, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பிள்ளைக்குத் தெரியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரத்தத்தின் அளவை அதற்கு அடுத்தபடியாகப் பார்த்தால் போதும்.

இதைப் பற்றிய ஆய்வுகள் பழையவை, நிறையவும் உண்டு. ஹங்கேரியைச் சேர்ந்த மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் இறப்பை ஒரு நீண்ட தூக்கம்போல, ஊருக்குப் போனதுபோல, திரும்பி வரக்கூடிய நிலையாகக் காண்கிறார்கள் என்றும், ஒன்பது வயதை ஒட்டியே அது எல்லோருக்கும் வருவது, தவிர்க்க முடியாதது என்ற புரிதல் வருகிறது என்றும் கண்டார். 1984இல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, இறந்தவர் திரும்பமாட்டார், இறந்த உடல் எதையும் உணராது, எல்லோரும் இறப்போம் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் வந்துவிடுகின்றன என்றார்கள். நாகியின் ஒன்பதா, இவர்களின் ஏழா என்ற வழக்கு நமக்குத் தேவையில்லை. வீட்டில் ஒரு பாட்டியின் இறப்பைப் பார்த்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது முன்னதாகவே தெரிந்திருக்கலாம். சாவு வீட்டை மூடிமறைக்காத, பாடை கட்டுவதைப் பிள்ளைகளும் தெருவில் நின்று பார்க்கும் நம் ஊர்களில் அது முன்னதாகவே வந்துவிடும் என்றே நினைக்கிறேன். இதிலிருந்து வரும் முடிவு கொஞ்சம் விசித்திரமானது. நான்கு வயதுக் குழந்தைக்கு உயிர்த்தெழுதல் ஆச்சரியமே இல்லை. எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று நம்பும் குழந்தைக்கு ஒருவர் திரும்பி வந்ததில் என்ன புதுமை? ஆனால் ஆணி அடிப்பது அதற்குப் புரியும். வலி புரியும், அலறல் புரியும். சிலுவைக் காட்சியை அந்த வயதில் காட்டினால், கதையின் கொடுமை முழுதும் போய்ச் சேரும், நற்செய்தி என்று நாம் சொல்கிற பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

பயத்தைப் பற்றிய ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். ஏழு வயதுவரையுள்ள குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவதைக் கண்டே பயப்படுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. தொலைக்காட்சியில் வந்த ‘ஹல்க்’ தொடரில் நல்ல மனிதர் பச்சை உருவமாக மாறும் காட்சியில் சிறு குழந்தைகள்தான் அதிகம் பயந்தார்கள். அவர் நல்லவர், காப்பாற்றத்தான் மாறுகிறார் என்ற செய்தி அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. பெரிய பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. உருவத்தைவிட, இது நிஜத்தில் நடக்குமா, எனக்கு நடக்குமா என்ற எண்ணமே அவர்களைக் கலக்குகிறது. இன்னொன்றும் உண்டு. “இது வெறும் படம்தானே, நிஜமில்லையே” என்று சொல்வது சிறு குழந்தைகளிடம் எடுபடாது. மடியில் உட்காரவைப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, கண்ணை மூடவிடுவதுதான் எடுபடும். இயேசு படத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். இது நிஜமாக நடந்தது என்று சொல்லத்தானே குடும்பம் அந்தப் படத்தைப் போடுகிறது! கிப்சனின் படம் அராமேயம், லத்தீன், எபிரேயம் என்று மூன்று மொழிகளில் பேசுகிறது. வசனத்தை எழுத்தில் வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அங்கே அடி மட்டுமே மிஞ்சும். ஏன் அடிக்கிறார்கள், அவர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடி மறைந்துவிடும்.

இதற்கு வரும் மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பாடுபட்ட சுரூபத்தின் கீழேதான் ஜெபம் சொல்கிறார்கள், தவக்காலம் முழுக்கச் சிலுவைப் பாதையில் முழந்தாளிடுகிறார்கள், கோயில் திருவிழாவில் கிடா வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், ஞாயிறு மாலை டிவியில் அரிவாள் வெட்டைப் பார்த்தவர்கள், படத்தில் வரும் ரத்தம் இவர்களை என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். ஆனால் அவையெல்லாம் திரைப்படத்தோடு ஒன்றல்ல. சிலுவைப் பாதை பதினான்கு நிலைகளும் பதினான்கு அசையாத படங்கள். அசையாத படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று பிள்ளையே முடிவு செய்கிறது. பாட்டு வருகிறது, கூட்டம் அடுத்த நிலைக்கு நகர்கிறது, பக்கத்தில் ஆத்தாளின் முந்தானை இருக்கிறது. திரைப்படமோ முகத்தை அருகே கொண்டுவந்து, வேகத்தைக் குறைத்து, சவுக்கின் சத்தத்தைக் கூட்டி, பார்ப்பவர் கண்ணை எடுக்காதபடி செய்யவே கட்டப்பட்டது. அதன் திறமையே அதில்தான். கிடா வெட்டு ஒரு நொடியில் முடியும், அதன் பிறகு விருந்து. அங்கே யாரும் யாரையும் வெறுப்பதில்லை. அரிவாள் படத்தில் வெட்டுப்படுகிறவரைப் பிள்ளைக்குத் தெரியாது. இங்கே அடிபடுகிறவரோ, தினமும் ராத்திரி கைகூப்பிப் பேசுகிறவர். தெரிந்தவர் அடிபடுவதும் தெரியாதவர் அடிபடுவதும் பிள்ளைக்கு ஒன்றல்ல.

கொடுமையைக் குறைத்தால் பாடுகளின் மதிப்பே குறைந்துவிடும் என்று பக்தியுள்ளவர்கள் சொல்லும் மறுப்பு இன்னும் ஆழமானது. அதற்குப் பதில் நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறது. யோவான் சவுக்கடியை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். மத்தேயுவும் மாற்குவும் போகிற போக்கில் ஒரு சொல்லாகக் குறிக்கிறார்கள். லூக்கா, தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொன்னதை எழுதுகிறாரே தவிர, அடித்ததை விவரிக்கவே இல்லை. சிலுவையில் அறைந்ததையும் நால்வரும் ஒரு வாக்கியத்துக்குள் முடிக்கிறார்கள். ஆணியைப் பற்றிய பேச்சு, உயிர்த்தபின் தோமா சந்தேகப்படும் இடத்தில்தான் வருகிறது. பக்கம் பக்கமாக அவர்கள் எழுதுவது அதற்கு முந்தைய இரவு உணவை, விசாரணையை, பேதுருவின் மறுதலிப்பை, பிறகு காலியான கல்லறையை, எம்மாவு வழியை, ஏரிக்கரையை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கிப்சனின் படத்தில் உயிர்ப்புக் காட்சி இரண்டு நிமிடம்கூட நீடிக்காது. இதையெல்லாம் கிப்சனும் ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும். 2005இல் வன்முறையில் ஐந்தாறு நிமிடங்களை வெட்டி மறுபடி வெளியிட்டார், ஆனால் அமெரிக்கத் திரைத்துறையின் தரமிடும் அமைப்பு அதற்கும் தளர்வான சான்றிதழ் தரவில்லை. பிரிட்டனில் முதல் வெளியீட்டுக்கே 18 வயதுச் சான்றிதழ்தான். குறைத்துக் காட்டும் படம் பாடுகளை நீர்க்கச் செய்கிறது என்று யாராவது சொன்னால், மாற்குவும் லூக்காவும் நீர்க்கச் செய்தவர்கள்தானா என்று திருப்பிக் கேட்கலாம்.

குறைத்துக் காட்டும் அந்த வழி திரைப்படத்துக்கும் புதிதல்ல. திரைப்படத்தின் குழந்தைப் பருவமே அதில்தான் கழிந்தது. பிரான்சின் அலீஸ் கீ என்ற பெண் இயக்குநர் 1906இல் எடுத்த ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ இருபத்தைந்து காட்சிகள், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கேமரா பெரும்பாலும் அசையாமல் எட்டி நிற்கிறது. ஒவ்வொரு காட்சியும் ஒரு பெரிய ஓவியம் உயிர்பெற்றது மாதிரி. பிறப்பில் தொடங்கிப் பாடுகள் வழியாக உயிர்ப்பில் முடிகிறது. வெரோணிக்கா முகம் துடைக்கும் காட்சியும் உண்டு, அதனால் சிலுவைப் பாதை தெரிந்த பிள்ளைகள் அடுத்து என்ன வரும் என்று முந்திக்கொண்டு சொல்வார்கள். இந்தப் படத்துக்கும் இந்தியாவுக்கும் ஓர் உறவு உண்டு. 1911 ஏப்ரலில் தாதாசாகிப் பால்கே தன் மகனோடு பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு விலங்குப் படம் பார்த்துவிட்டு வந்தார். அதை நம்பாத குடும்பத்தாரை மறுநாள் அழைத்துக்கொண்டு போனபோது, ஈஸ்டர் என்பதால் அரங்கில் இந்த இயேசு படம் ஓடியது என்று ஒரு வரலாறு சொல்கிறது. அது கிறிஸ்துமஸ் காலம் என்போரும் உண்டு. அதைப் பார்த்த வேளையில்தான் கண்ணனையும் ராமனையும் திரையில் காட்டும் ஆசை அவருக்குப் பிறந்தது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது. தமிழகத்தில் அதற்கும் முன்னரே, 1905இல், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கியபோது கூடவே கிடைத்த படங்களில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார். அந்த ஆளின் வேலையை இன்று வீட்டில் அப்பாவோ சித்தியோ செய்யலாம். அலீஸ் கீயின் படம் உரிமைக்காலம் கடந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்லும் படம் இதுதான். வசனம் இல்லாததால் சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே சொல்லலாம்; சவுக்கடிக் காட்சியை வேகமாகக் கடக்க வேண்டும் என்றாலும் கடக்கலாம். மொழிமாற்றக் குரலின் தொல்லையும் இல்லை.

பால்கே பட்ட கடனை எழுபது ஆண்டுக்குள் ஒரு தமிழ்ப் பட இயக்குநர் திருப்பிக் கட்டினார் என்று சொல்லத் தோன்றுகிறது. ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ ஆகியவற்றை எடுத்த ஏ. பீம்சிங் இயக்கிய ‘கருணாமயுடு’ என்ற தெலுங்குப் படம் 1978 டிசம்பரில் வெளிவந்தது. அவரோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் மாற்றப்பட்டது. கிராமங்களில் வெள்ளைத் திரை கட்டி 16 மி.மீ. புரொஜெக்டரில் ஓட்டிய படங்களில் இதுவும் ஒன்று. அதே காலத்தில் வந்த ஃபிராங்கோ செஃபிரெல்லியின் ‘ஜீசஸ் ஆஃப் நசரேத்’ (1977) தொடரில் ராபர்ட் பவலின் நீலக் கண்களைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு, நம்மில் ஒருவர்போல இருக்கும் இயேசு புதிதாக இருந்திருக்க வேண்டும். ‘கருணாமயுடு’ புராணப் படத்தின் இலக்கணத்தில் எடுக்கப்பட்டது. பாட்டு வரும், அற்புதம் வரும், முகத்தில் ஒளி வரும், அடியார்கள் கைகூப்புவார்கள். நகரத்து விமரிசகருக்கு அது மிகையாகப் படலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தாய்மொழிபோலப் பழக்கமான வடிவம், கந்தன் கதையையும் கண்ணன் கதையையும் அதே வடிவத்தில் பார்த்துத்தான் வளர்கிறது. பாடுகள் இதிலும் நீளம்தான், அழுகையும் உண்டு. ஆனால் பாட்டு இடையே வந்து மூச்சு விட இடம் தருகிறது.

இந்த நடு வயதுதான் ஈஸ்டர் படத்துக்கு ஏற்ற வயது என்பது என் முடிவு. இறந்தவர் திரும்பமாட்டார் என்று இப்போது தெரியும், அதனால் திரும்பி வந்தவர் ஆச்சரியம் ஆகிறார். 2005இல் ஹாரிஸ், ஹிமெனெஸ் இருவரும் மாட்ரிட் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏழு வயதினரும் பதினொரு வயதினரும் இறப்பைப் பற்றி மருத்துவர் பேசும் ஒரு கதையையும் குரு பேசும் ஒரு கதையையும் கேட்டார்கள். இறந்தபின்னும் ஏதோ ஒன்று தொடர்கிறது என்ற பதில் மூத்தவர்களிடமே, அதுவும் குருவின் கதையைக் கேட்டபோதே அதிகம் வந்தது. உடல் நின்றுவிடும் என்ற அறிவு முதலில் வந்து, அதன்மேல்தான் நம்பிக்கை கட்டப்படுகிறது. இந்த வயதுக்குப் பொருத்தமான படங்களில் 2000ஆம் ஆண்டின் ‘த மிராக்கிள் மேக்கர்’ தனி இடம் பெறும். வேல்ஸ் நாட்டினரும் ரஷ்யர்களும் சேர்ந்து பொம்மைகளை நகர்த்தி எடுத்த படம். யாயீருவின் மகள் வழியாகக் கதை நகர்கிறது. நற்செய்தி அந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்கிறது, அவளை எழுப்பியதும் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்லுகிறார் இயேசு. இறந்து எழுந்த ஒரு பிள்ளையின் கண்ணால் பாடுகளைப் பார்ப்பது எவ்வளவு சரியான தேர்வு! சார்லஸ் டிக்கன்ஸ் 1840களில் தன் பிள்ளைகளுக்காக மட்டும் எழுதி, அவர்கள் காலம் முடியும்வரை அச்சில் வராமல் இருந்து, 1934இல் வெளிவந்த இயேசு சரிதத்தை வைத்து 2025இல் ‘த கிங் ஆஃப் கிங்ஸ்’ என்ற அனிமேஷன் படம் வந்தது. அதிலும் ஓர் அப்பா மகனுக்குக் கதை சொல்கிறார். 2005இன் ‘நார்னியா’வில் அஸ்லான் என்ற சிங்கம் மற்றொருவனுக்காகச் சாவது, பெயர் சொல்லாமலே சொல்லும் வழி. இந்த வயதுப் பிள்ளைகளிடம் நம் பள்ளத்தாக்குக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. இரவு உணவின்போது இயேசு திராட்சைக் கொடியையும் கவாத்தையும் பற்றிப் பேசும் இடத்தில், பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் ஓடி விளையாடியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். லண்டன் பிள்ளைக்கு அதற்கொரு விரிவுரை தேவைப்படும்.

பதின்மூன்றைத் தாண்டியவர்களிடம் சிக்கல் வேறு. கிப்சனை அவர்கள் ஏற்கெனவே கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்திருப்பார்கள். பதினாறுக்கு மேல் அதை ஒரு பெரியவரோடு முழுதாகப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் பேச வேண்டிய விஷயம் ரத்தம் மட்டுமல்ல, யூதர்களும்தான். அந்தப் படம் வந்தபோது யூத அமைப்புகளிடமிருந்து எழுந்த கடும் கண்டனம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததையும், 1634 முதல் பாடுகளின் நாடகம் நடத்திவரும் ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமம் தன் வசனங்களைத் திருத்த வேண்டி வந்ததையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பத்துப் பிள்ளைக்கு யூதர் ஒருவரோடும் பழக்கமில்லை, படம் காட்டுவதே அதற்குத் தெரிந்த யூதராக நின்றுவிடும். குமுளியைத் தாண்டி இறங்கினால் கொச்சியில் 1568இல் கட்டிய யூதர் ஆலயம் இருக்கிறது, அதைக் காட்டிப் பேசலாம். பதின்ம வயதினருக்கு நேரடியாக இயேசுவைக் காட்டாமல் பக்கத்தில் இருந்தவரைக் காட்டும் படங்கள் நன்றாகப் பொருந்துகின்றன. ‘பென்-ஹர்’ (1959) இயேசுவின் முகத்தைக் காட்டுவதே இல்லை. ‘ரைசன்’ (2016) காணாமல்போன உடலைத் தேடும் ரோமானிய அதிகாரியின் கதை. என் தேர்வு ‘பரபாஸ்’ (1961). இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கொள்ளைக்காரனாக அந்தோணி குவின் நடிக்கிறார். சிலுவை வேளையில் இருள் சூழும் காட்சிக்கு 1961 பிப்ரவரி 15 அன்று நிகழ்ந்த உண்மையான சூரிய கிரகணத்தையே படமெடுத்தார்கள். தனக்காக ஒருவர் செத்தார் என்ற செய்தியை என்ன செய்வது என்று தெரியாமல் வாழ்நாள் முழுக்கத் தவிக்கும் மனிதன், பதினைந்து வயதுக்கு மிக நெருக்கமானவன். இவற்றோடு பள்ளத்தாக்கின் சொந்தப் படம் ஒன்றையும் சேர்ப்பேன்: லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). ஏலக்காய் மூட்டை சுமந்து ஒரு துண்டு நிலத்துக்காக ஏங்கும் ரங்கசாமி, கடைசியில் தான் இழந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரர் ஆகிறார். அதில் ஈஸ்டர் எங்கே என்று கேட்கலாம். ஞாயிறு வராத வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று காட்டும் படம் அது. உயிர்ப்பு என்றால் மலையில் மூட்டை தூக்குகிறவருக்கு என்ன என்று பெரிய பிள்ளைகள் கேட்டால், பங்குச் சாமியாரும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் சொன்னபின், எங்கள் வீட்டில் டிவி ஒன்று, பிள்ளைகள் மூன்று பேர், வயது நான்கு, ஒன்பது, பதினான்கு, யாருக்கு எதைப் போடுவது என்பார்கள். படத்தை முழுதாக ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டால் பாதி வழி திறக்கும். பரிசுத்த வாரமே ஒரு கால அட்டவணை. ‘ஜீசஸ் ஆஃப் நசரேத்’ ஆறு மணி நேரத்துக்கு மேல் நீளும் தொடர், எபிசோடுகளாகப் பிரிந்தது. குருத்தோலை ஞாயிறு அன்று எருசலேம் நுழைவு, பெரிய வியாழன் அன்று இரவு உணவு என்று வெட்டிப் பார்க்கலாம். சனிக்கிழமைப் பகலுக்கு ‘த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ (1998) பொருந்தும், ஏனென்றால் அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பில் செங்கடலைக் கடந்த வாசகம் கட்டாயம் உண்டு. பகலில் பார்த்ததை இரவில் கேட்பார்கள். பாடுகளின் காட்சிகளை நான்கு வயதுக் குழந்தை தூங்கியபின் மூத்தவர்கள் பார்க்கட்டும். ஞாயிறு காலை எல்லா வயதினரும் ஒன்றாகப் பார்ப்பதற்கு, உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தோன்றும் ஏரிக்கரைக் காட்சியைவிட நல்லது எதுவும் இல்லை: வலை நிறைய மீன், யோவான் எண்ணிச் சொல்லும் 153, கரையில் கரி நெருப்பு, சுட்ட மீன், அப்பம், “வாங்க, சாப்பிடுங்க” என்ற அழைப்பு. நான்கு வயதுக்கு அதில் வரும் மீன் போதும். பதினான்குக்கு, மும்முறை மறுதலித்த பேதுருவிடம் அதே மும்முறை கேட்கப்படும் கேள்வி போதும்.

கடைசியாக, நம் தெருவில் ஈஸ்டர் தனியாக வருவதில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் என்று பள்ளத்தாக்கே திருவிழா மயமாக இருக்கும் பருவம் அது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்காரத்தான் செய்வார்கள், உட்காரவும் வேண்டும். அவர்களுக்குக் கதை காட்டலாம். ஆனால் 1979இன் ‘ஜீசஸ்’ படத்திலும், அதைச் சிறுவர்களுக்கெனச் சுருக்கி 2000இல் விட்ட பதிப்பிலும், கதை முடிந்தபின் பார்ப்பவரை இயேசுவை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு ஜெபம் வரும். லூக்காவின் நற்செய்தியை அடியொற்றிய, அமெரிக்காவில் எல்லா வயதினருக்குமான சான்றிதழ் பெற்ற, தமிழிலும் கிடைக்கிற நல்ல படம்தான் அது. ஆனாலும் பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பிள்ளையை அதன் பெற்றோருக்குத் தெரியாமல் அந்த ஜெபத்தைச் சொல்லவைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் நேர்மை ஆகாது. ஜெபம் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது. பள்ளி என்றால் இது வெறும் மரியாதை விஷயமும் அல்ல. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் மத போதனையில் கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வயது வராதவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று அரசமைப்பின் 28(3)ஆம் பிரிவு சொல்கிறது. துறவற சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்று தவக்காலத்தில் எல்லா மாணவரையும் அரங்கில் உட்காரவைத்து இயேசு படம் போட நினைத்தால், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படமும் பொது அரங்குக்கு வேறொரு படமும் என்று பிரித்துக்கொள்வதே சரி. பொது அரங்குக்கு ‘நார்னியா’ போதும். மறைக்கல்வி வகுப்புக்கு ‘த மிராக்கிள் மேக்கர்’ போடலாம், ஆங்கிலம் என்பதால் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல ஓர் ஆசிரியரையும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.